பத்துப் பேருக்காக ஒரு நகரமா? மூன்று பதிலடிகளை ஒப்பிட்டால்

ஒவ்வொரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகும் பாகிஸ்தானைக் காட்டி "அணுகுண்டை எதுக்கு வச்சிருக்கோம், ஒன்னு போட்டா அடங்குவாங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். 2008 மும்பைக்குப் பிறகு கேட்டேன், 2019 புல்வாமாவுக்குப் பிறகு, 2025 பஹல்காமுக்குப் பிறகும் கேட்டேன். கோபம் புரிகிறது. புல்வாமாவில் இறந்த 40 சிஆர்பிஎஃப் வீரர்களில் இரண்டு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதனால் அந்தப் பேச்சை ஒதுக்காமல் மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்தே பார்ப்போம்.

முதலில் அணுகுண்டு. மும்பைக்குக் கடல் வழியாக வந்தவர்கள் பத்துப் பேர், கொன்றது 166 பேரை. அனுப்பியவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், போனில் ஏவிக்கொண்டே இருந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் ஒரு கல்யாண மண்டபம் நிறையாது. ஆனால் அணுகுண்டு விழுந்தால் ஒரு ஊரே போகும். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறது. குண்டு விழுந்தபோது அதை ஓட்டிக்கொண்டிருந்த பையனுக்கு மூன்று வயது, அன்றிரவே இறந்துவிட்டான். அப்பா சைக்கிளையும் அவனோடு சேர்த்துப் புதைத்து, 40 வருடம் கழித்துத் தோண்டி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை யார் மேல் குண்டு போட்டான்? மும்பை ரயில் நிலையத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார்களே, அதே கணக்குதான் லாகூர் மேல் குண்டு போடச் சொல்வதிலும் இருக்கிறது, அளவுதான் பெரிது. லாகூரிலிருந்து அமிர்தசரஸ் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கதிர்வீச்சுத் தூசி வாகா எல்லையில் நின்று பாஸ்போர்ட் காட்டாது. தவிர, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது 2003 ஜனவரியில் இந்தியா அறிவித்த கொள்கை. பாகிஸ்தான் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. திருப்பி அடித்தால் சாவது அதே மும்பை ஜனங்கள்தான்.

சரி, பயங்கரவாதிகள் கையிலேயே அணுகுண்டு கிடைத்து வெடித்துவிட்டால்? பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எனக்கு அப்போதும் பதில் மாறவில்லை, அந்தப் பிள்ளையின் பங்கு என்ன என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது எல்லை தாண்டி அளவாக அடிப்பது. 2016, 2019, 2025 என மூன்று முறை செய்தாகிவிட்டது. குறி முகாம்தான், நகரம் இல்லை என்பதால் முதல் வழியோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அளவு என்பது நம் கையில் மட்டும் இல்லை. 2019இல் பாலாகோட் முகாமை அடித்த மறுநாள் காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேர், கீழே இருந்த ஒரு பொதுஜனம், மொத்தம் ஏழு உயிர். 2022 மார்ச்சில் நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னுவில் போய் விழுந்தது. அமைதியான நேரம், அதனால் கண்டனத்தோடு போயிற்று. 2025 மே மாதத்தின் அந்த நான்கு நாட்களில் அது நடந்திருந்தால் என்று யோசித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மூன்றாவது வழி, திருப்பி அடிக்காமல் வழக்கு, உலக நாடுகளின் நெருக்கடி என்று போவது; கோழைத்தனம் என்று திட்டு வாங்கியது. மும்பைக்குப் பிறகு மன்மோகன் சிங் அரசு ராணுவத்தை அனுப்பவில்லை. அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த சிவசங்கர் மேனன் உடனே திருப்பி அடிக்கச் சொன்னவர். பொறுத்ததுதான் சரி என்று பிற்பாடு அவரே எழுதினார். இதில் வலிக்கிற குறையும் உண்டு: தாமதம். மும்பைத் தாக்குதலைத் திட்டமிட்டதாகப் பாகிஸ்தானில் வழக்கில் இருந்த லக்வி 2015இல் ஜாமீனில் வெளியே வந்தபோது, இறந்தவர்களின் வீட்டில் என்ன சொல்லித் தேற்ற முடியும்? ஆனாலும் பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்-இன் சாம்பல் பட்டியலில் (கண்காணிப்பில் உள்ள நாடுகள்) பாகிஸ்தான் 2018 முதல் 2022 வரை மாட்டியிருந்த காலத்தில்தான், லஷ்கர்-இ-தொய்பாவை நிறுவிய ஹபீஸ் சயீதுக்கு அந்நாட்டு நீதிமன்றமே தண்டனை கொடுத்தது.

நான் மூன்றாவதன் பக்கம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இரண்டாவது. முதலாவதை ஒரு வழியாகவே எண்ண மாட்டேன். 2009இல் மும்பை நீதிமன்றத்துக்கு, காலில் குண்டு பாய்ந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஊன்றுகோலோடு வந்தாள். அங்கே இருந்த அத்தனை பேரில், சுட்டது இவன்தான் என்று, அந்தப் பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்ட கசாபை மட்டும் காட்டினாள்.