நீர் மாத்திரை: எந்தக் கிட்னிக்கு எது?

பிரஷருக்கு நீர் மாத்திரை தொடங்கி மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், முன்பு 1.1 இருந்தது இப்போது 1.3. அன்றைக்கே மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், இப்போது ஆதாரமும் கிடைத்துவிட்டது!

இந்தச் சின்ன ஏற்றம் பெரும்பாலும் கிட்னி கெட்டதைக் காட்டுவதில்லை. உடம்பில் உப்பும் நீரும் குறைந்து பிரஷர் இறங்கும்போது, கிட்னியின் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தமும் தணிகிறது. வடிகட்டும் வேகம் சற்றுக் குறைய, கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பிவிடும். பிரஷர் மருந்து தொடங்கியதும் வரும் ஏற்றம் 30 சதவீதத்துக்குள் நின்றுவிட்டால், பல மருத்துவர்கள் மருந்தை மாற்றாமல் கவனித்து வருவார்கள். அதைத் தாண்டினாலோ ஏறிக்கொண்டே போனாலோ கதை வேறு.

2002-இல் முடிவு வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,000 பேருக்கு மேல் இருந்தார்கள். குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை எடுத்தவர்களுக்கும் லிசினோபிரில், அம்லோடிபின் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைகள் எடுத்தவர்களுக்கும் இடையே, டயாலிசிஸ் வரை போகும் கிட்னி செயலிழப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை.

சரி, நீர் மாத்திரைகளுக்குள் எது? முதலில் தயசைடு வகை. இதில் எல்லோரும் அறிந்தது ஹைட்ரோகுளோரோதயசைடு. கூட்டு மாத்திரைப் பெயர்களின் வாலில் 'எச்' அல்லது 'எச்சிடி' என்று ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான். குளோர்தாலிடோன் அதைவிட நெடுநேரம் உடம்பில் தங்கும், ராத்திரி பிரஷரையும் பிடித்துவைக்கும். கிட்னியின் வடிகட்டும் அளவு (பரிசோதனை அறிக்கையில் eGFR) 30-க்குக் கீழே போனால் தயசைடு வேலை செய்யாது என்றுதான் ரொம்ப காலம் பாடம் நடத்தினார்கள். 2021-இல் கிளிக் ஆய்வு அதை அசைத்துவிட்டது. கிட்னி நோய் நான்காம் நிலையில், அதாவது அந்த அளவு 30-க்குக் கீழே, இருந்த 160 பேர், 12 வாரம். குளோர்தாலிடோன் எடுத்தவர்களுக்கு 24 மணி நேர மேல் பிரஷர் 11 புள்ளி இறங்கியது, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. சும்மாவும் இறங்கவில்லை: கிரியேட்டினின் ஏற்றம், பொட்டாசியக் குறைவு, தலைச்சுற்றல் எல்லாம் குளோர்தாலிடோன் எடுத்தவர்களுக்கே அதிகம்.

அதற்காக எல்லோரும் குளோர்தாலிடோனுக்கு ஓட வேண்டுமா? 65 வயது கடந்த 13,500 பேரை வைத்து அதையும் ஹைட்ரோகுளோரோதயசைடையும் நேருக்கு நேர் மோதவிட்டு 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் வித்தியாசமில்லை. பொட்டாசியம் குறைந்தவர்கள் மட்டும் குளோர்தாலிடோனில் 6 சதவீதம், மற்றதில் 4.4. கிட்னி நன்றாக இருந்து பழைய மாத்திரையிலேயே பிரஷர் அடங்கியிருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். கிட்னி தளர்ந்து பிரஷரும் அடங்காதபோதுதான் குளோர்தாலிடோனுக்கு வேலை.

அடுத்தது ஃபுரோசமைடு, டோர்செமைடு. சிறுநீர் கொட்டும், அதைப் பார்த்து இதுதான் வலுவான பிரஷர் மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபுரோசமைடு ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் வேலை செய்யும். அது ஓய்ந்ததும் கிட்னி இழந்த உப்பை வாரிப் பிடித்துக்கொள்ளும், பிரஷரும் திரும்பும். டோர்செமைடு இன்னும் சற்று நேரம் நிற்கும். உடம்பில் நீர் கோத்திருக்கும்போது, இதயமோ கிட்னியோ தளர்ந்திருக்கும்போது இவை தவிர்க்க முடியாதவை. வெறும் பிரஷருக்கு என்றால் முதல் தேர்வு இல்லை.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது, அதற்கு ஃபுரோசமைடு சேர்க்கிறார்கள். அந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வந்ததல்ல, ரத்தக்குழாய் விரிந்து கசிவதால் வந்தது. வீக்கம் அவ்வளவாக வற்றாது, கிட்னிதான் வறளும்.

கடைசியாக, பொட்டாசியத்தை வெளியே விடாத ஸ்பைரோனோலாக்டோன். மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷருக்கு நான்காவதாகச் சேர்க்க இதுவே சிறந்தது என்று 2015-இன் பாத்வே-2 ஆய்வு காட்டியது. சிறுநீரில் புரதக் கசிவையும் குறைக்கும். ஆனால் கிட்னி தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ராமிபிரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு சேரும்போது ஆபத்து இன்னும் கூடும். சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று வாங்கிவைத்திருந்தால் பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்.

எந்த வகையானாலும் கிட்னிக்கு நிஜமான அடி பெரும்பாலும் கூட்டாளிகளால் வருகிறது. நீர் மாத்திரை, ராமிபிரில் வகை மாத்திரை, அப்புறம் மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக்: இந்த மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு கூடுகிறது, அதுவும் முதல் 30 நாளில்தான் அதிகம். வாந்தி பேதியாகிற நாளிலும் இதே சிக்கல். அந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு அட்டையின் பின்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். மாத்திரை தொடங்கி இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் எடுக்கும் ரத்தத்தில் கிரியேட்டினினோடு சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்குத் தயசைடு சோடியத்தைத்தான் சத்தமில்லாமல் இறக்கும்.