சூட்டின் எல்லையை எங்கே எழுதுவது: டிவைஸ் ட்ரீயா, ஏசிபிஐயா?

கல்லடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில், தகரக் கூரைக்கு அடியில் என் ஆர்ம் போர்டும் (ஆர்ம் சிப் கொண்ட சிறு கணினி) மடிகணினியும் ஒன்றாகத்தான் சுடுகின்றன. எந்தச் சூட்டில் என்ன செய்வது என்பதை மட்டும் லினக்ஸ் வேறு வேறு இடத்தில் படிக்கிறது.

போர்டுக்கு டிவைஸ் ட்ரீ, அதாவது வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் கோப்பு. வெறும் தரவு, திறந்து வாசிக்கலாம். 85 பாகையை மில்லிசெல்சியசில் 85000 என்று எழுதுவோம். பக்கத்திலேயே ஹிஸ்டெரிசிஸ் 2000. இந்த வரி முக்கியம்: 85-இல் வேகத்தைக் குறைத்தால், 83-க்கு இறங்கிய பிறகுதான் தளர்த்தும். இல்லாவிட்டால் எல்லையிலேயே ஏறி இறங்கி அல்லாடும். எந்த எல்லையில் விசிறியைச் சுழற்றுவது, எதில் சிபியு வேகத்தைக் குறைப்பது என்பதும் கீழேயே இருக்கும்.

மடிகணினிக்கு ஏசிபிஐ, அதாவது வன்பொருளைப் பற்றி ஃபர்ம்வேர் (தயாரிப்பாளர் கணினிக்குள்ளேயே வைக்கும் மென்பொருள்) இயங்குதளத்துக்குச் சொல்லும் முறை. அதில் அதே 85 பாகை 3582 ஆகிறது. ஒரு கெல்வினின் பத்தில் ஒரு பங்குதான் அங்கே அலகு; 85 பாகை என்பது சுமார் 358.2 கெல்வின். அது ஃபர்ம்வேரில் உள்ள ஏஎம்எல் (ஏசிபிஐயின் நிரல்மொழி) நிரல் ஓடித் தரும் எண். நிலைமைக்கேற்ப எல்லையை மாற்ற அந்த நிரலால் முடியும், நல்ல வசதிதான். விண்டோசும் அதையே படிக்கும். ஆனால் பிழை இருந்தால் பெரும்பாலும் தயாரிப்பாளரின் புதுப்பிப்புக்காகக் காத்திருக்கவேண்டும்.

எனக்கு டிவைஸ் ட்ரீதான் பிடிக்கும். நம்மூர் வெயிலுக்கு 85000-ஐ 75000 ஆக்கி, கம்பைல் செய்து, போர்டை மறுபடி இயக்கினால் சரி.