நெஞ்சா, சப்பையா, கழுத்தா? மானைச் சுடும் இடமும் அடிபட்ட மானைத் தேடும் விதமும்

குறி பிசகாமல் பட்டால் நெஞ்சு, முன்சப்பை (முன்னங்கால் உடம்போடு சேரும் தோள்பகுதி), கழுத்து மூன்றுமே மானைக் கொல்லும். அதனால் பிசகாத குறியை வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. மூச்சு வாங்கும், கை நடுங்கும், விசையை இழுக்கும் நொடியில் மான் ஒரு அடி எடுத்து வைக்கும். குண்டு நான்கு விரற்கடை தள்ளிப் பட்டால் அந்த மானுக்கு என்ன ஆகும்? நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்.

நெஞ்சிலிருந்து தொடங்குகிறேன். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே குறி வைக்க வேண்டும். நடுத்தர மானுக்கு அங்கே இதயமும் நுரையீரலும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சாண் அகல இலக்கு. குண்டு சற்றுக் கீழே போனால் இதயம், முன்னே போனால் சப்பை, பின்னே போனால் கல்லீரல். எல்லாமே சாவில் முடிகிற அடிகள்தான், கல்லீரல் மட்டும் நேரம் எடுக்கும். அதற்கும் பின்னால் இரைப்பை இருக்கிறது. பயப்பட வேண்டிய திசை அது ஒன்றுதான். இரண்டு நுரையீரலும் துளைபட்ட மான் சில நொடிகளில் நினைவு இழந்துவிடும். ஆனால் அதற்குள் 50 மீட்டரும் ஓடும், 100 மீட்டருக்கு மேலும் ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த இடம் பிடிப்பதில்லை.

விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும் என்பவர்கள் முன்சப்பையின் மேற்பகுதியைச் சொல்வார்கள். எலும்பு நொறுங்கி, முதுகுத்தண்டும் அதிர்ந்து, மான் அப்படியே சரியும். எல்லை வேலியோ ஆறோ பக்கத்தில் இருந்தால் இதற்கு நியாயம் உண்டு. ஆனால் எலும்பை உடைத்து உள்ளே போகும் கனமான குண்டு வேண்டும், சப்பைக் கறியில் பெரும்பகுதி வீணாகும். அம்பு எய்பவர்கள் இந்த இடத்தை நினைக்கவே கூடாது. அம்பு அறுத்துக் கொல்வது, அதிர்ச்சியால் கொல்வதல்ல. சப்பை எலும்பில் அது நின்றுவிடும்.

கழுத்தையும் தலையையும் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். மூளை ஒரு கைப்பிடி அளவுகூட இல்லை, தலையோ ஒரு கணம் சும்மா இருப்பதில்லை. நாலு விரற்கடை தவறினால் தாடை உடையும். தாடை உடைந்த மான் தண்ணீர் குடிக்க முடியாமல், மேய முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகும். கழுத்திலும் அப்படித்தான்: தண்டெலும்பு நடுவே ஒரு ஒடுங்கிய கோடு, சுற்றிலும் சதை. ஒருமுறை 80 மீட்டரில் நின்ற மானின் கழுத்தைச் சுட்டேன். கால்கள் நான்கும் ஒரே நேரத்தில் மடங்கி விழுந்தது. முடிந்தது என்று துப்பாக்கியைத் தாழ்த்தினேன். பத்து எண்ணுவதற்குள் தலையை உதறி எழுந்து புதருக்குள் போய்விட்டது. குண்டு தண்டெலும்பின் மேல் முனைகளைத் தட்டி நரம்பைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விழுந்த இடத்தில் ஒரு கொத்து முடியும் நாலு துளி ரத்தமும் இருந்தன. பொழுது சாயும்வரை தேடியும் அந்த மான் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கழுத்தைக் குறி பார்ப்பதில்லை. சுட்டதும் சரிந்த மானை நம்புவதுமில்லை. அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு அதன்மேலேயே கண் வைத்திருப்பேன்.

மான் எதிரே முகம் காட்டி நின்றால் காத்திருப்பதே மேல். முதுகைச் சாய்வாகக் காட்டி விலகி நின்றால், குண்டு அப்புறத்து முன்னங்காலை நோக்கிப் போகும்படி குறி வையுங்கள். மரத்தின் மேலிருந்து செங்குத்தாகக் கீழே சுடுவதில் ஒரு ஆபத்து: ஒரு நுரையீரல் மட்டும் துளைபட்டு மான் வெகுதூரம் போய்விடும்.

அடுத்த கேள்வி உடனே பின்தொடர்வதா, காத்திருப்பதா என்பது. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். யாரும் துரத்தாத அடிபட்ட மான் பெரும்பாலும் சிறிது தூரத்திலேயே படுத்துவிடும். துரத்தினால் எழுந்து ஓடும். எழுந்த பிறகு ரத்தம் சிந்துவதும் குறையலாம், தூரம் பல மடங்காகும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அடிபட்ட இடத்து மண்தான் சொல்லும். முதலில் மான் நின்ற இடத்தைக் கண்ணால் ஒரு மரத்தோடு சேர்த்துக் குறித்துவிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு போய்க் குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக, குமிழ்விட்ட நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரல், தொடரலாம். அடர்சிவப்பாக நுரையில்லாமல் இருந்தால் பெரும்பாலும் கல்லீரல். மூன்று, நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து, மென்ற புல் துணுக்குகளும் புளித்த நாற்றமும் இருந்தால் இரைப்பை அல்லது குடல். அடிபட்டதும் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாகப் போயிருந்தாலும் அதே சந்தேகம்தான். அந்த மானுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். வெயில் காலத்தில் கறி கெட்டுப்போகும் என்பது உண்மை. ஆனால் அவசரப்பட்டால் கறியும் கிடைக்காது, மானும் கிடைக்காது. மழை வருகிறதே என்றால்? நுரை ரத்தமாக இருந்தால் கிளம்பலாம். குடலடி என்றால் அப்போதும் காத்திருங்கள், அந்த அடியில் மழை அழிக்கும் அளவுக்கு ரத்தமே விழுவதில்லை.

தடத்தின் மேல் நடக்காமல் அதன் ஓரமாக நடங்கள். ஒவ்வொரு துளி இடத்திலும் ஒரு காகிதத் துண்டு வையுங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை கோடாகத் தெரியும். இலையில் இருப்பது ரத்தமா சிவந்த புள்ளியா என்று சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு போதும், ரத்தம் நுரைக்கும். தரையை மட்டும் பார்க்காதீர்கள், முழங்கால் உயரப் புல்லின் பக்கங்களையும் பாருங்கள்.

தடத்தைக் கண்ணால் தேடுவதா, நாயை வைத்துத் தேடுவதா என்றால் என் பதில் தயங்காமல் நாய்தான். ஹானோவர் மோப்ப நாய் போன்ற இனங்களை இந்த ஒரு வேலைக்காகவே வளர்த்தெடுத்தார்கள். ரத்தமே சிந்தாத பல மணி நேரப் பழைய தடத்தையும் அவை பிடிக்கும். ஆனால் பத்துப் பேர் மிதித்துக் கலைத்த தடத்தில் நல்ல நாயும் திணறும். ஆகவே துளி நின்றுபோனால் வட்டமடித்துத் தேட வேண்டாம். கடைசித் துளிக்கு மேலே கிளையில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, வந்த வழியிலேயே திரும்பி வந்து நாய் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.