டபிள்யூபிசிடிஎல்: கைக்கு அருமை, ஸ்க்ரிப்டுக்கு யோசிக்கணும்

லினக்ஸில் ஹெட்செட் மாட்டிய பிறகும் சத்தம் மானிட்டரிலிருந்தே வருகிறதா? செட்டிங்ஸைத் திறந்து தேட வேண்டாம், ஒலியைக் கட்டளையால் மாற்றும் டபிள்யூபிசிடிஎல் என்ற கருவி இருக்கிறது. டெர்மினலில் ‘டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரி அடியுங்கள். என்னென்ன சவுண்ட் கார்டு இருக்கிறது, சத்தம் எந்த வழிகளில் வெளியே போகலாம், மைக் எவை, எந்த ஆப் இப்போது எதில் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாமே ஒரே திரையில் கிளை கிளையாக வந்துவிடும். டிஃபால்ட்டாக இருப்பதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. இந்த ஒரு திரைக்காகவே எனக்கு இது அவ்வளவு பிடிக்கும்.

எந்தச் சத்தம் எந்தச் சாதனத்துக்குப் போக வேண்டும் என்று நிர்வகிக்கும் வயர்பிளம்பரோடு சேர்ந்தே வருவதால் ஃபெடோரா 35, உபுண்டு 22.10 தொடங்கி தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை.

மாற்றுவதும் சுலபம். பட்டியலில் ஹெட்செட்டின் எண் 52 என்றால் ‘டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட் 52’, அவ்வளவுதான். வால்யூமுக்கு அந்த எண்கூட வேண்டாம். ‘செட்-வால்யூம்’ அடித்து, டிஃபால்ட் ஆடியோ சிங்க் (இப்போது சத்தம் வெளியே போகும் வழி) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோடு போட்டு, இருபுறமும் @ வைத்துக் கொடுத்து, கடைசியில் 5%+ என்று சேர்த்தால் ஏறும், 5%- என்றால் இறங்கும். கீபோர்டு ஷார்ட்கட்டில் போடுவதாக இருந்தால் ‘--லிமிட் 1.0’ கட்டாயம் சேருங்கள், இல்லையென்றால் 100-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும், ஹெட்போன் போட்டிருப்பவர் காது என்னாவது!

குறை என்றால் அந்த எண்கள்தான். சாதனத்தைக் கழற்றி மாட்டினாலோ கணினியை மறுபடி தொடங்கினாலோ 52 வேறு எண்ணாகிவிடலாம், அதனால் ஸ்க்ரிப்டில், அதாவது கட்டளைகளைத் தானாக ஓட்ட எழுதி வைக்கும் கோப்பில், எண்ணை எழுதி வைத்தால் நம்ப முடியாது. அங்கே நான் சிபாரிசு செய்வது பழைய பிஏசிடிஎல்-ஐத்தான். லினக்ஸின் பழைய ஒலி அமைப்பான பல்ஸ்ஆடியோ காலத்துக் கருவி, இப்போதைய ஒலி அமைப்பான பைப்வயர் மேலும் நன்றாகவே ஓடுகிறது, சாதனத்தை நீளமான பெயரால் கூப்பிடும், அந்தப் பெயர் சாதாரணமாக மாறாது. புளூடூத் ஹெட்செட்டில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பாட்டின் தரம் விழுகிறதே, அதைத் திரும்ப ஏ2டிபி-க்கு (நல்ல தரத்தில் பாட்டு கேட்கும் முறை) கொண்டுவரவும் இதுவே வசதி: ‘லிஸ்ட் கார்ட்ஸ்’ போட்டால் இப்படிப்பட்ட முறைகள், அதாவது ப்ரொஃபைல்கள், பெயரோடு வரும், ‘செட்-கார்டு-ப்ரொஃபைல்’ கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். டபிள்யூபிசிடிஎல்லில் அதற்கும் ஓர் எண் தேவை, அந்த எண் ஸ்டேட்டஸ் திரையில் வராது.

அப்புறம், எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வரவில்லை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, டெர்மினலில் வால்யூம் பட்டைகளைக் காட்டும் ஆல்சாமிக்ஸரைத் திறந்து, எஃப்6 அழுத்தி கார்டைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது பட்டைக்கு அடியில் எம்எம் (மியூட்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே போய் எம் அழுத்துங்கள்.