கேப்சூலா, பழங்கஞ்சியா, ஏத்தங்கா துவரனா? சுகருக்கு எது கேக்கும்

எங்க அம்மைக்கு சுகர் வந்து பதினோரு வருசம் ஆகுது, மெட்ஃபார்மின்ங்குற சுகர் மாத்திர தான் ஓடிக்கிட்டு இருக்கு. போன மாசம் ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட், 7.9ன்னு வந்ததும் வீட்ல மூணு கட்சி ஆயாச்சு. மைனி (அண்ணி) மார்த்தாண்டத்துல ஒரு மெடிக்கல்ல இருந்து ப்ரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடச்ச கேப்சூல் வாங்கிட்டு வந்தாவ. அம்மை "எனக்க பழங்கஞ்சில இல்லாத பாக்டீரியாவா இந்த குளிகைல கெடக்கு"ன்னு மொறச்சாவ. நான் ரெண்டும் இல்ல, வடசேரி சந்தைல கெடைக்குற பச்ச ஏத்தங்காய (நேந்திரங்கா) துவரன், அதாவது தேங்கா போட்ட பொரியல் வச்சு, பயறோட சாப்பிடுறது தான் மொதல்லன்னு சொன்னேன், அதுக்கு எனக்கு கஞ்சப்பயன்னு பேரு கெடச்சுது.

சரின்னு உக்காந்து வாசிச்சேன். குடல் பாக்டீரியாவுக்கும் சுகருக்கும் தொடர்பு இருக்குன்னு பெரிசா பேச்சு வந்தது 2012ல, சீனாவுல 345 பேருக்க மலத்த எடுத்து பாத்ததுல சுகர் இருக்கவங்க கிட்ட ப்யூட்டிரேட் உண்டாக்குற பாக்டீரியா கொறவா இருந்துது. நாம செரிக்க முடியாத நார அந்த பாக்டீரியா தின்னு ப்யூட்டிரேட் மாதிரி அமிலம் உண்டாக்கும், அது குடல் சுவர பலமா வைக்கும், ஜிஎல்பி-1 ஹார்மோன் சொரக்கவும் உதவும், அந்த ஹார்மோன் தான் சாப்பிட்டதும் இன்சுலின தட்டி எழுப்புறது. ஆனா 2015ல வேற ஒரு ஆராய்ச்சி வந்து, சுகர்காரங்க குடல்ல பாத்த மாத்தத்துல கொஞ்சம் சுகரால இல்ல, அவங்க முழுங்குற மெட்ஃபார்மினால வந்ததுன்னு சொல்லிச்சு. அப்ப அம்மைக்க குடல்ல பாக்டீரியாவ மாத்துற வேலைய இந்த பதினோரு வருசமும் அந்த பழைய மாத்திர செஞ்சுக்கிட்டு தான் இருந்திருக்கு, எங்க யாருக்கும் தெரியல.

மொதல்ல கேப்சூல். நெறைய ஆராய்ச்சிய சேத்து பாத்தா வெறும்வயித்து சுகர் கொஞ்சம் கொறயுது, ஆனா அந்த கொஞ்சம் ரொம்பவே கொஞ்சம், பாக்டீரியா வகைக்கு வகை மாறவும் செய்யுது. டப்பால எத்தன கோடி பாக்டீரியான்னு போட்டிருக்குறத பாத்து மயங்காதீங்க, பாக்டீரியாக்க பேர பாருங்க. நம்ம ஊரு மெடிக்கல்ல சாதாரணமா கெடைக்குறது வயித்துப்போக்குக்கும் ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் குடுக்குற வகை தான். சுகருக்குன்னே உண்டாக்குன அஞ்சு பாக்டீரியா கலவைய 2020ல அமெரிக்காவுல 76 பேர வச்சு 12 வாரம் பாத்தாங்க, டம்மி மாத்திர சாப்பிட்டவங்கள விட ஹெச்பிஏ1சி 0.6 கொறஞ்சுதுன்னு வந்துது. கொள்ளாம் தான், ஆனா ஆராய்ச்சிய நடத்துனதே அத விக்கிற கம்பெனி, ஆளும் கொறவு. இன்னொண்ணு, இந்த பாக்டீரியா பெரும்பாலும் குடல்ல தங்காது, விருந்தாளி மாதிரி வந்துட்டு போயிரும், நிறுத்தினா தீந்துது. மைனி வாங்குன ஸ்ட்ரிப்புக்க விலைக்கு ஒரு வாரத்துக்கு பயறும் காயும் வாங்கலாம். எதிர்ப்பு சக்தி ரொம்ப கொறஞ்சவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது.

அடுத்தது அம்மைக்க கட்சி, தயிர், மோர், பழங்கஞ்சி மாதிரி புளிச்ச சாப்பாடு. தயிருக்கு அமெரிக்காவுல உணவு, மருந்த கவனிக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ 2024ல ஒரு அனுமதி குடுத்துச்சு, வாரத்துக்கு ரெண்டு கப்பாவது தயிர் சாப்பிட்டா டைப் 2 சுகர் வர வாய்ப்பு கொறயலாம்னு லேபிள்ல போடலாம், ஆனா ஆதாரம் கொறவுன்னும் சேத்து போடணும். அது சுகர் இன்னும் வராதவங்களுக்கு, வந்தவங்களுக்கு மருந்து இல்ல, இத அம்மைக்கு புரிய வைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. மோர் கெடுதல் இல்ல, கொழுப்ப நீக்குன மோர் ஒரு தம்ளர் தாராளமா குடிக்கலாம். ஆனா புளிச்சேரி (மோர்க்கொழம்பு) வச்சா அடுப்புலயே பாக்டீரியா செத்துரும், அது வெறும் ருசிக்கு. யாகுல்ட்டும் ஒரு தடவ வாங்குனோம், சின்ன பாட்டில் தான, ஆனா அதுல சீனி இருக்கு. பழங்கஞ்சி தான் சிக்கல். சோறு ஆறும்போது கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையா மாறும், அது நெசம், ஆனா மிச்சம் அப்படியே சோறு தானே. அம்மை ஒரு பெரிய கிண்ணம் கஞ்சியும் தொவையலும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டு மெஷின்ல பாத்தாவ, 231. அன்னைக்கு கொஞ்ச நேரம் வீட்ல சத்தமே இல்ல.

எனக்க கட்சிக்கு ஆதாரம் ஷாங்காய்ல இருந்து. 2018ல 43 பேர், ஒரு கூட்டத்துக்கு நார் நெறஞ்ச சாப்பாடு, இன்னொண்ணுக்கு சாதாரண டயட், ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே சுகர் மாத்திர. 12 வாரத்துல நார் சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு 89 பேருக்கு ஹெச்பிஏ1சி 7க்கு கீழ வந்துது, மத்த கூட்டத்துல நூத்துக்கு 50. இதுவும் சின்ன ஆராய்ச்சி தான், ஆனா வெளிய இருந்து பாக்டீரியாவ கொண்டு வராம, உள்ள கெடக்குறதுக்கு தீனி போட்டு வளத்தது எனக்கு புடிச்சிருந்துது. நம்ம ஊர்ல அந்த தீனிக்கு பஞ்சமா? பெரும்பயறு, சிறுபயறு, காணம் (கொள்ளு), முருங்கக்கீர, பச்ச ஏத்தங்கா. ஏத்தங்கா பச்சையா இருந்தா தான் அந்த செரிக்காத மாவு அதிகம், பழுத்துட்டா சீனி. எங்க குமரி மாவட்டத்து வாழப்பழமான மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, சந்தோசம், அதுக்காக சீப்ப முடிக்க முடியாது. மரச்சீனிய (மரவள்ளிக்கெழங்கு) இந்த லிஸ்ட்ல சேக்காதீங்க, அவிச்ச கெழங்கும் சாளக்கறியும் (மத்திமீன் கறி) எனக்கும் உயிர் தான், ஆனாலும். பைய தொடங்குங்க, ஒரே நாள்ல காணத்த அள்ளி போட்டா வயிறு ஊதிரும். கிட்னி பிரச்சன இருக்கவங்க ஏத்தங்கா விசயத்துல டாக்டர் சொல்ற அளவு தான், அதுல பொட்டாசியம் கூடுதல்.

என்னைய கேட்டா மொதல்ல பயறும் துவரனும், அடுத்தது மோர், கேப்சூல் ஆன்டிபயாடிக் சாப்பிடுற சமயத்துக்கு இருக்கட்டும், மெட்ஃபார்மின மட்டும் யாரும் சொந்தமா நிறுத்த வேண்டாம். இப்ப அம்மை கஞ்சிய கால் கிண்ணமா கொறச்சு கூட சிறுபயறு சேத்து சாப்பிடுதாவ, மத்தியானம் மோர், ராத்திரி மைனிக்க மனசு நோகாம ஒரு கேப்சூல். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட். கொறஞ்சா அது எதால கொறஞ்சுதுன்னு ஒருத்தருக்கும் சொல்ல முடியாது, மைனி இப்பவே அது கேப்சூல்தான்னு சொல்லி வச்சாச்சு.