சத்தமான ஃபிளாட்டை வாடகைக்கு விடுமுன்: ரப்பர், ஜன்னல், பஞ்சுச் சுவர்... எதற்குக் காசு தகும்?

பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்காமல் இரண்டு குடித்தனம் வந்த வேகத்தில் காலி செய்துவிட்டது. இனி அந்த ஃபிளாட்டை வாடகைக்கு விடலாமா, பூட்டியே வைக்கலாமா? இந்தக் கேள்வியோடு கடைக்குப் போனால் அவரவர் சரக்குதான் மருந்து. கண்ணாடிக்காரர் கண்ணாடி என்பார், இன்டீரியர் ஆள் ஃபோம் என்பார். கடைகளில் கிடைக்கும் இந்தச் சாமான்களை, வாடகைக்குப் போகும் வீடு என்ற கணக்கோடு மட்டும் இங்கே எடைபோடுகிறோம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இதே தீர்ப்பு பொருந்தாது.

எதையும் வாங்குமுன் ஓர் ஊதுபத்தி போதும். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சமையலறை எக்ஸாஸ்ட்டை மட்டும் ஓடவிடுங்கள். கொளுத்திய ஊதுபத்தியைக் கதவின் அடி, நிலையின் ஓரம், ஜன்னல் தண்டவாளம், சுவிட்ச் பெட்டி என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே சத்தமும் நுழைகிறது. கதவின் பரப்பில் நூறில் ஒரு பங்கு சந்து இருந்தால், கதவு தேக்கோ இரும்போ, 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. 7 அடிக்கு 3 அடி கதவின் அடியில் முக்கால் அங்குலம் விட்டிருந்தாலே கிட்டத்தட்ட அந்த ஒரு பங்கு வந்துவிடும். நம் ஊர் ஃபிளாட்டுகளில் தலைவாசலுக்கு நிலைப்படி இருக்கும். படுக்கையறைக் கதவுக்கு இருக்காது. ஓட்டை அங்கேதான்.

ஆகவே கொடுத்த காசுக்கு முதல் மதிப்பெண் கதவு ரப்பருக்கு. ஒட்டும் ஸ்பாஞ்ச் நாடாவை வாங்காதீர்கள். அது சில மாதத்தில் அப்பளம்போல் நசுங்கிவிடும். ஆங்கில ‘D’ எழுத்து வடிவ ஈ.பி.டி.எம். (வெயில், மழை தாங்கும் செயற்கை ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள். வாங்குமுன், களிமண் உருண்டையை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, நசுங்கிய தடிமனை அளந்துகொள்ளுங்கள். ரப்பர் அதைவிட இரண்டு மில்லிமீட்டர் கூட இருந்தால் போதும். தடிமனாகப் போட்டால் ஐப்பசி மழையில் மரம் ஊறும்போது கதவு சாத்தாது. குடியிருப்பவர் ஓங்கி அடித்துச் சாத்துவார். கீல் திருகு கழன்றுவிடும். நிலையில் பெயின்ட் உரிந்திருந்தால் தேய்த்துத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் சித்திரை வெயிலில் பசை இளகித் தொங்கும். கதவின் அடிக்கு அலுமினியப் பட்டையோடு வரும் ரப்பர் நாக்கைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது ஜன்னல். மதுரையில் பைபாஸ் ரோடு, காளவாசல் பக்கம் ரோட்டைப் பார்த்த வீடுகளுக்கும், பக்கத்து ஃபிளாட் டி.வி.யும் சண்டையும் பால்கனி வழியாக வரும் வீடுகளுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம் காட்டும். ஆனால் ‘யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக் ஃபிரேம்) போட்டால் சத்தம் வராது’ என்பது பாதி உண்மை. தண்டவாளத்தில் ஓடும் ஸ்லைடிங் ஜன்னலில் இரண்டு கதவுகளுக்கு நடுவே இருப்பது மயிர்ப் பட்டைதான். அதன் வழியே காற்றும் போகும், சத்தமும் போகும். கைப்பிடியைத் திருப்பினால் ரப்பரில் அழுந்தி மூடும் கேஸ்மென்ட் வகைதான் வேண்டும். கண்ணாடியிலும் ‘டபுள் கிளாஸ்’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். 5 மி.மீ. கண்ணாடி இரண்டை 12 மி.மீ. இடைவெளியில் வைத்தது வெயிலுக்கு நல்லது; சத்தத்துக்கு ஒற்றைக் கண்ணாடியைவிட ஓரிரு டெசிபல்தான் கூடும். நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி கேளுங்கள். ரசீதில் 6.38 அல்லது 10.38 என்று அளவு எழுதியிருக்க வேண்டும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் படலத்தின் தடிமன். பொருத்தும்போது சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஃபோம் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன்மேல் இரண்டு பக்கமும் சீலன்ட் இழுக்கச் சொல்லி, அதற்குப் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஒரு சங்கடம்: மூடினால்தான் ஜன்னல் சத்தத்தைத் தடுக்கும், மதுரை மே மாதத்தில் மூடிய அறையில் ஏ.சி. இல்லாமல் இருக்க முடியாது. ஏ.சி. பாயின்ட் இல்லாத அறைக்கு இந்த ஜன்னல் வீண் செலவு. வீடு முழுக்க மாற்றவும் வேண்டாம். சத்தம் வரும் பக்கத்துப் படுக்கையறை ஒன்று போதும்.

பொதுச்சுவர் நாலரை அங்குலச் செங்கல்லாக இருந்து பேச்சே கேட்கிறதென்றால், முதலில் சுவிட்ச் பெட்டிகளைப் பாருங்கள். இரண்டு வீட்டுப் பெட்டிகளும் முதுகோடு முதுகு சேர்ந்திருந்தால் அங்கே சுவரே கிடையாது. மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியனை வைத்துப் பெட்டியைக் கழற்றிப் பின்பக்கத்தைக் கலவையால் அடைத்து, ஓரங்களில் சீலன்ட் விட்டால் பாதிப் பேச்சு அடங்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால் பஞ்சுச் சுவர்: பழைய சுவரைத் தொடாமல் தனி ஃபிரேம், உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு), முகத்தில் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. ஃபிரேமைச் சுவரிலேயே திருகினால் அதிர்வு நேராக வந்துவிடும், செய்த செலவு வீண். ஒழுங்காகச் செய்தாலும் அறையில் நான்கு அங்குலம் போகும், கட்டில் போட இடம் இடிக்கும். வாடகை வீட்டுக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

முட்டை அட்டை போன்ற ஃபோம், தெர்மாகோல், ‘சவுண்ட் புரூஃப்’ திரை மூன்றும் தள்ளுபடி. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அடுத்த வீட்டுச் சத்தத்தை நிறுத்தும் கனம் அவற்றுக்கு இல்லை. அந்த ஃபோம் சீக்கிரம் தீப்பிடிக்கும் வேறு.

மேல்வீட்டில் நாற்காலி இழுப்பது, கிரைண்டர் ஓடுவது, மொட்டைமாடி மோட்டார் உறுமுவது, இவை தளம் வழியாக இறங்கும் சத்தம். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு இதைப் பிடிக்க முடியாது. மருந்து மேலேயே இருக்கிறது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் மேட், இரண்டையும் நீங்களே வாங்கிக்கொண்டு போய், “அக்கா, கீழே குடிவைக்கப் போறோம், இதைக் கொஞ்சம் போட்டுக்கிறீங்களா?” என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. மோட்டாருக்கு அடியில் ரப்பர் மவுன்ட், தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒரு முழம் வளையும் ஹோஸ், சுவர் கிளாம்புக்குள் ரப்பர் துண்டு என்று மூன்றும் சேர்ந்து வேண்டும். மவுன்ட்டை மட்டும் மாற்றினால் குழாய் வழியாக உறுமல் படுக்கையறைக்கு வந்துகொண்டே இருக்கும். இந்தச் செலவை அசோசியேஷன் கணக்கில் கேட்கலாம்.

ஊஃபர், கல்யாண மண்டபத்துச் செண்டை போன்ற அடிச்சத்தத்துக்குச் சாமான் எதுவும் உதவாது. அதற்குச் சட்டம்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அளவைவிட 10 டெசிபல் தாண்டினால் புகார் தரலாம். திருவிழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை, ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் அரசு தளர்வு தரலாம் என்பதால், சித்திரைத் திருவிழா சமயத்தில் புகார் எழுதி மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி விடலாமா என்ற கேள்வி. ஒரு மாத வாடகைக்குள் ரப்பரும் மேட்டும் முடிந்து படுக்கையறை அடங்கினால் தாராளமாக விடலாம். ஜன்னல் செலவு மூன்று மாத வாடகைக்கு மேல் போனால், அதைச் செய்யாமல் வாடகையைக் கொஞ்சம் குறைத்து, சத்தத்தைச் சொல்லியே ஆள் தேடுவது லாபம். பகல் சத்தம் என்றால் காலையில் போய் மாலையில் வரும் தம்பதிக்குச் சரிவரும். நைட் டியூட்டி நர்ஸுக்கு அந்த வீட்டைக் காட்டவே வேண்டாம். வீடு பார்க்க வருபவரை ஆளரவமில்லாத மதியம் 2 மணிக்கு வரச்சொல்லும் புரோக்கர் தந்திரம் நமக்கே திரும்பி அடிக்கும். ஞாயிறு இரவு 8 மணிக்கு வரச்சொல்லுங்கள். ஒப்பந்தத்தில், முதல் இரண்டு மாதத்துக்குள் சத்தம் ஒத்துவராவிட்டால் பதினைந்து நாள் நோட்டீசில் பிடித்தமில்லாமல் போகலாம் என்று ஒரு வரி சேருங்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதைப் பதிவும் செய்யுங்கள்.

ஒத்திக்கு மட்டும் விடாதீர்கள். வாடகைக்காரர் கோபித்துக்கொண்டு போனால் அட்வான்ஸோடு போகும். ஒத்திக்காரர் எழுந்தால் மொத்த லட்சமும் உடனே எண்ணிவைக்க வேண்டும், அந்தப் பணமோ பெரும்பாலும் வீட்டுக் கடனில் கட்டியாகியிருக்கும்.