வயலுக்கு வைத்த இஎஸ்பி32 போர்ட்: உறக்கமும் பொத்தானும்

படுவான்கரை வயலொன்றில் நீர்மட்டம் பார்ப்பதற்காக மட்டக்களப்பு நகரில் வாங்கிய இந்த டெவலப்மென்ட் போர்டின் (சிறு கணினிச் சிப்பொன்றைப் பழகுவதற்கேற்பப் பொருத்திய பலகை) சிப், பெரும்பாலான பகுதிகள் அணைந்திருக்கும் ஆழ்ந்த உறக்கத்தில் ஏறத்தாழ 10 மைக்ரோஆம்பியர் மாத்திரமே இழுக்கும் என்றாலும், ஓயாது எரியும் சிவப்பு எல்இடியும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரும் சேர்ந்து பற்றரியை மில்லிஆம்பியர் கணக்கில் குடித்துவிடுகின்றன.

பொத்தானால் எழுப்பும் வசதி நன்று; ஆனால் அது ஆர்டிசி பின்களில் (உறக்கத்திலும் விழித்திருக்கும் பகுதியோடு இணைந்த சிப்பின் கால்கள்) மட்டுமே இயங்கும், அவற்றிலும் 34 முதல் 39 வரையானவற்றுக்கு உள்ளே புல்அப் (பொத்தான் அழுத்தப்படாதபோது பின்னை உயர் மின்மட்டத்தில் வைக்கும் தடை) இல்லாததால் வெளியே 10 கிலோஓம் தடையொன்றைப் பொருத்த வேண்டும். ஒரு பின்னைக் கொண்டு எழுப்பும் எக்ஸ்ட்0 முறை மின்மட்டத்தையே பார்ப்பதால், விரல் பொத்தானில் இருக்கும்போதே உறங்கச் சொன்னால் கருவி அக்கணமே விழித்துவிடும். பொத்தான் விடுபட்டு அதன் தொடுமுனைகளின் அதிர்வு அடங்கிய பின்னரே உறங்க அனுப்பும்படி ஃபர்ம்வெயரை (கருவிக்குள் ஓடும் நிரலை) எழுத வேண்டும். விழித்தவுடன் நிரல் முதலிலிருந்தே ஓடும் என்பதால், அளவீடுகளை உறக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வைப்பது அவசியம். பழகுவதற்கு வாங்கலாம், வயலுக்கென்றால் அந்த எல்இடியும் ரெகுலேட்டரும் இல்லாத வெறும் மொடியூலே மேல்.